முட்டைக் கணக்கு

ரெம்ருவாட்டா.
பதிவுப் படிவத்தில் மூன்று முறை எழுதி அடித்து
நான்காம் முறை அவனிடமே பேனாவைக் கொடுத்தேன்.
வயது பதினேழு. ஊர், அய்சாலுக்கு அப்பால் ஏதோ மலை.
இடது கால்.

வந்தது ஜூன் மாதம்.
கிருஷ்ணகிரி முழுக்க மாங்கூழ் புளித்து நாறும் மாதம்.
புது பஸ் ஸ்டாண்டில் மூக்கைச் சுளித்து நின்ற மூவரில்
இவன்தான் கழுத்தில் பூட்ஸைத் தொங்கவிட்டிருந்தான்.
கூழ் ஃபேக்டரி மாடியில் அறை.
முதலாளி முனிரத்தினம்தான் கழகத்துக்குத் தலைவர்.
வாடகை கேட்க மாட்டார்,
ஃபேனும் மாட்ட மாட்டார்.

நான் கணக்கெழுதுகிறவள்.
பகலில் கடன் சங்கம், பொழுது சாய்ந்தால் கழகம்.
ஆளுக்கு நாளைக்கு மூன்று முட்டை என்றார்
பயிற்சியாளர் திம்மராயன்.
இரண்டு என்று எழுதினேன்.
மூன்று தின்றார்கள்.
அந்த ஒற்றை முட்டை
மார்ச் மாதம் வரை என்னைத் துரத்தியது.

எங்கள் மைதானம் பாதி செம்மண், பாதி சரளை.
ஒரு கோலுக்குப் பின்னால் மலை,
இன்னொன்றுக்குப் பின்னால் பெங்களூர் ரோடு.
ஒருநாள் இவன் ஓங்கி உதைத்த பந்து
கிரானைட் லாரியில் ஏறிப் போய்விட்டது.
இருப்பிலிருந்து நான் அதைக் கழிக்கவில்லை.
எங்கேயோ போய்க்கொண்டுதானே இருக்கிறது.

தமிழில் அவனுக்கு இரண்டே பாடம்.
மெஸ்ஸில் ஒன்று: போதும்.
களி உருண்டையைப் பார்த்ததும் அது வந்துவிட்டது.
மைதானத்தில் ஒன்று: ஆளப் பாரு.
பந்து கிடக்கட்டும்,
உன் பக்கம் ஓடிவருகிறவனை விடாதே
என்று விரித்துச் சொல்ல
எங்களுக்கும் இந்தி போதாது, அவனுக்கும் போதாது.
ஒரு வாரம் அதைத் தன் பட்டப்பெயர் என்றே நினைத்திருந்தான்.
திம்மராயன் கத்தினால் திரும்பிச் சிரித்தான்.

என் தம்பி மாதப்பனும் இடது ஓரம்.
இவன் வந்ததும் பெஞ்ச்.
சரளையில் விழுந்த பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று
காலால் கோடு கிழித்து இவனுக்குக் காட்டியதும்
மாதப்பன்தான்.
ஏன்டா, உன் இடத்தையே எடுத்தவனுக்கா?
"கேட்டான், சொன்னேன்."
பொங்கல் கழிந்து ஓசூரில் ஸ்கூட்டர் கம்பெனிக்குப் போனான்.
ஞாயிறுகளில் அந்தச் சாம்பல் சட்டையோடே வந்து
எல்லைக்கோட்டில் கொடி பிடித்தான்.
ஆஃப்சைடு என்றால் இவனுக்கும் தூக்கினான்.

சேலத்தில் அரையிறுதி. நான்கு கோல் வாங்கித் தோற்றோம்.
தோற்ற ஆட்டத்தில்தான் அவனைப் பார்த்திருக்கிறார்கள்.
கர்நாடகா நம்பர் கார் ஒன்று
ஃபேக்டரி வாசலில் தோல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றது.
வளர்த்த வகையில் என்று கழகத்துக்கு ஐம்பதாயிரம்.
வரவில் வைக்கும்போது அந்தச் சொல்லில் கை தங்கியது.
இடது காலை அவன் வரும்போதே கொண்டுவந்தான்.
நாங்கள் போட்டது முட்டை.
மாதப்பன் கொடுத்ததற்குப் பேரேட்டில் கட்டம் இல்லை.
இரண்டு வலை வாங்கினோம். மாடிக்கு ஒரு ஃபேன்,
அதன் கீழ் அவன் ஒரு ராத்திரி படுத்தான்.

மறுநாள் மதியம் மெஸ்ஸில் களி வைத்தார்கள்.
இரண்டாவது உருண்டைக்கும்
போதும் என்று அவன் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி மாதப்பன் போனில் பார்த்தோம்,
செம்பின் மேல் சாய்த்து வைத்து, சாப்பிட்டுக்கொண்டே.
கத்தரித்து வைத்த புல்.
முதுகில் முப்பத்து மூன்று.
வர்ணனை செய்தவர் பெயரைக் கடித்துத் துப்பினார்,
பெங்களூர் பட்டறையில் வார்த்த பையன் என்றார்.
எண்பத்தோராவது நிமிடம். எதிரணிக்குக் கார்னர்.
கூட்டம் மூச்சைப் பிடித்த அந்தக் கொஞ்ச நேரத்தில்
கோலோர மைக்கில் வந்து விழுந்தது:
ஆளப் பாரு!

கையை நீட்டி, எட்டாம் நம்பரைப் பார்த்து.
எட்டாம் நம்பர் எந்த நாட்டுக்காரனோ,
வாயைத் திறந்து பந்தையே பார்த்து நின்றான்.
கோல்.

மாதப்பன் தட்டைத் தள்ளி வைத்தான்.
"சொன்னான்ல" என்றான்.